விலைப்புள்ளி

‘விலை’ என்னும் சொல் ‘வில்’ என்ற வினையடியில் பிறந்தது. விற்றல், விற்பனை, விலை ஆகிய மூன்றும் ஒரு தாய் மக்கள். ஆகவே சொல்லின் பிறப்பை நோக்கின், விலை என்பது விற்போன் பக்கத்தில் நின்று பேசும் சொல்லாகும். கொள்வோனும் தன் பக்கத்தை எடுத்துரைக்கத் தொடங்கும்போது அது பேரமாகிறது. இலக்கண வகுப்பில் இதனைச் சொன்னால் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவர். 2025 டிசம்பரில் ஒரு சிறிய கார் வாங்கும் பொருட்டு விற்பனை நிலையமொன்றின் கண்ணாடி மேசைக்கு முன் மூன்று நாள்கள் அமர நேர்ந்தபோது, இந்தச் சொல்லாராய்ச்சி எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது.

பேரம் நம் மரபில் இழிவான செயலன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் வாங்குவதிலும் விற்பதிலும் அளவு தவறாதவர்கள், விலையை வெளிப்படக் கூறுபவர்கள் என்றே புகழ்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போர்த்து அதன் கீழே விரல்களைப் பற்றி விலை பேசுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அங்கே விலை மறைவானதுதான். ஆனால் மறைக்கப்படுகிறது என்பது துண்டைப் பார்த்தாலே சுற்றி நிற்கும் அனைவர்க்கும் தெரியும். கார் விற்பனை நிலையத்தில் துண்டு இல்லை. குளிர்பதன அறையில், அச்சிட்ட தாளில், ரூபாய்க் கணக்கு முழுவதும் வெளிப்படையாக எழுதித் தரப்படுகிறது. அதனை அவர்கள் கொட்டேஷன் என்பர். அரசு அலுவலகத் தமிழில் விலைப்புள்ளி. எல்லாம் எழுதப்பட்டிருப்பதனாலேயே அதை யாரும் படிப்பதில்லை என்பது என் கருத்து.

கார் எங்களுக்கு ஆடம்பரமாக வரவில்லை. உம்மாவை வாரத்தில் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்கு 22 கிலோமீட்டர் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தின் படி அவருக்கு ஏலாது. ஆட்டோவின் குலுக்கலில் திரும்பி வரும்போது துவண்டுவிடுவார். என் சேமிப்போடு மைத்துனர் தந்த அழகிய கடனையும் சேர்த்து 7,20,000 ரூபாய் திரட்டியிருந்தோம். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. வட்டிக்குக் கடன் பெறுவதில்லை என்பது என் தகப்பனார் காலத்திலிருந்து வீட்டில் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தை நான் மீறினால் உம்மா அந்த வண்டியில் ஏறுவாரா என்பதே ஐயம்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் 28 விழுக்காடும், அதன்மேல் ஒரு மேல்வரியும் இருந்தன. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் வண்டியாயின் 1,200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் உடையவை இவ்வகையில் அடங்கும். இந்த வரிக்குறைப்பை நம்பித்தான் நாங்கள் துணிந்தோம். ஆயினும் முதல் நாள் என் கையில் தரப்பட்ட விலைப்புள்ளியின் அடிவரி 7,70,760 ரூபாய் என்றது.

அதை என்னிடம் நீட்டியவர் எங்கள் துறையின் பழைய மாணவர். இளங்கலைத் தமிழ் முடித்து, வேறு வேலைகள் பார்த்து, விற்பனைப் பணியில் சேர்ந்தவர். “ஐயா, உங்களுக்கு என்றால் நான் மேலாளரிடம் தனியாகப் பேசுகிறேன். குறைகின்ற ஐம்பதாயிரத்திற்கு வங்கிக் கடன் ஒரே நாளில் ஏற்பாடு செய்துவிடலாம்” என்றார். அன்பினால் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடன் ஏற்பாட்டில் நிலையத்திற்குத் தரகு உண்டு, அதில் அவருக்கும் சிறு பங்கு உண்டு என்பதும் உண்மை. கையில் பணம் வைத்திருப்பவனுக்குத்தான் கூடுதல் தள்ளுபடி கிடைக்கும் என்று நம் பெரியவர்கள் எண்ணுவர். கார் விற்பனையில் பெரும்பாலும் அது தலைகீழ். கடன் வாங்குபவரால் நிலையத்திற்கு வருமானம் மிகுதி. பணத்தைப் பையில் கொண்டுபோய்க் கொட்டவும் இயலாது. 2 இலட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்துவிட்டது.

“தம்பி, தள்ளுபடியைப் பிறகு பேசுவோம். இந்தத் தாளை வீட்டிற்குக் கொண்டுபோகலாமா?” என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிக் கொடுத்தார்.

அன்றிரவு அந்தத் தாளுக்கு உரை காண உட்கார்ந்தேன். செய்யுளைச் சீர் பிரிப்பதுபோல ஒவ்வொரு வரியையும் பிரித்து, இதைக் கேட்பவர் யார் என்ற ஒரே வினாவை எழுப்பினேன். வண்டியின் விலை 6,12,000. இது தயாரிப்பாளர் வகுத்தது. சாலை வரி 79,560. இது அரசு கேட்பது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 இலட்சத்திற்கு மேல் 10 இலட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 விழுக்காடு. இதில் யாரும் ஒரு ரூபாய் குறைக்க இயலாது. பதிவுக் கட்டணமும் சுங்கச்சாவடி வில்லையும் பிறவும் சேர்ந்து 2,900. இதுவரை வாதத்திற்கு இடமில்லை.

இதற்குக் கீழேதான் விற்போன் பக்கத்துச் சொற்கள் தொடங்கின. காப்பீடு 38,400. கையாளும் கட்டணம் 8,500. ‘அத்தியாவசியப் பொருள் தொகுப்பு’ 18,700. நீட்டித்த உத்தரவாதம் 14,200. அடிப்பகுதிப் பூச்சு 6,500. இறுதியில் தள்ளுபடி என 10,000 கழிக்கப்பட்டிருந்தது. தமிழாசிரியன் என்ற முறையில் ‘அத்தியாவசியம்’ என்ற சொல்லில் சிறிது நேரம் நின்றேன். கழுத்தணை, வாசனைக் குப்பி, சாவிக்கொத்து, இருக்கை உறை, கால் விரிப்பு ஆகியவை அத்தொகுப்பில் இருந்தன. கால் விரிப்பு ஒன்றைத் தவிர மற்றவை இல்லாமல் கார் ஓடும். கையாளும் கட்டணம் என்பதன் பொருள் இன்னும் வியப்பானது. கிடங்கிலிருந்து கடைக்கு வண்டியைக் கொண்டுவந்த செலவாம்; துணிக்கடையில் சேலையை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டதற்குக் கூலி கேட்பதற்கு ஒப்பானது.

காப்பீட்டை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் ஏமாறும் இடம் அது. உச்ச நீதிமன்ற ஆணையின் விளைவாக 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் கட்டணம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே. ஆனால் நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான பகுதி நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். விற்பனை நிலையத்தில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே வண்டிக்கு, அதே பாதுகாப்புகளுடன், எங்கள் ஊர்க் காப்பீட்டு முகவர் 27,900 ரூபாய்க்கு எழுதித் தர முன்வந்தார். வேறுபாடு 10,500. விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பிட்ட தொகை, தேய்மானக் கழிவில்லாப் பாதுகாப்பு ஆகிய இரண்டும் இரு தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே எண்ணைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் நான் தள்ளுபடி கேட்கவில்லை. ஐந்து வரிகளுக்கு நேரே சிறு கோடிட்ட தாளை மேசையில் வைத்தேன். மாணவர் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேலாளர் வந்தார். காப்பீட்டை வெளியில் எடுத்தால் இழப்பீடு பெறுவது கடினம் என்றார்; பணமில்லாப் பழுதுபார்ப்பு வசதி உள்ள நிறுவனங்களின் பட்டியலில் எங்கள் நிறுவனமும் இருந்ததைக் காட்டினேன். கையாளும் கட்டணம் எல்லோரும் தருவது என்றார். இரசீதில் அந்தப் பெயரிலேயே எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அந்த வரி அப்போதே நீங்கியது. குரல் உயர்த்தவோ மேசையைத் தட்டவோ தேவைப்படவில்லை.

அதன் பின்னரே உண்மையான பேரம். அது டிசம்பர் என்பது என் பக்கத்தில் இருந்தது. காய்கறிக் கடையில் விடியற்காலை முதல் போணிக்கு விலை இறங்கும். கார் நிலையத்திலோ மாதக் கடைசிக்கும் ஆண்டுக் கடைசிக்கும் இறங்கும். ஜனவரி பிறந்துவிட்டால் கிடங்கில் நிற்கும் வண்டி சென்ற ஆண்டு வண்டியாகிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிடுபவருக்கு இதில் நட்டம் உண்டு. பத்தாண்டுகள் வைத்துக்கொள்ள எண்ணுபவருக்கு அது பொருட்டன்று. எனினும் வண்டி எந்த மாதத்தில் உருவானது என்பதைக் கேட்டறிவது முறை. விற்பனைச் சான்றாகிய படிவம் 21இல் மாதமும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். வண்டியின் அடிச்சட்ட எண்ணை நேரில் பார்த்து ஒப்பிட்ட பின்னரே நான் அச்சாரம் கொடுத்தேன். திருச்சிராப்பள்ளி நிலையமொன்று இதே வண்டிக்கு 24,000 தள்ளுபடி எழுதிக் கொடுத்திருந்தது. அதைக் காட்டியபோது மேலாளர் 20,000 வரை வந்து நின்றார்.

மீதி 4,000த்திற்காகத் திருச்சி செல்வதா என்பதுதான் அன்றிரவு வீட்டில் எழுந்த கேள்வி. தொலைவு எனக்குத் தடையன்று. என்னை உறுத்தியது வேறு. நான் கோடிட்ட வரிகள் எவை? காப்பீடு, பொருள் தொகுப்பு, உத்தரவாதம், பூச்சு, வாங்காத கடன். அந்த இளைஞரின் ஊக்கத்தொகை பெரும்பாலும் இவற்றிலிருந்தே வருகிறது. அடிப்படைச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுத்தால் மிச்சம் இராது. விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மை காட்டுபவருக்கு இறையருள் உண்டு என்ற கருத்துடைய நபிமொழியை நாம் வணிகர்களுக்கே எடுத்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அது வாங்குபவனையும் சேர்த்தே சொல்கிறது. அதற்காக வேண்டாத பூச்சுக்கு 6,500 கொடுப்பது பெருந்தன்மை ஆகுமா? ஆகாது என்றே முடிவு செய்தேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு என்னுடையதுகூட அன்று, மைத்துனருடையது.

மறுநாள் மாணவரைத் தேநீருக்கு அழைத்து நேராகவே கேட்டேன்: “இந்த வண்டியால் உங்களுக்கு என்ன கிடைக்கும், தம்பி?” அவர் சிரித்து, “மற்றதெல்லாம் போயிற்று ஐயா. ஆனால் 31ஆம் தேதிக்குள் பில் போட்டால் இந்த மாதம் எனக்கு எட்டு வண்டி. எட்டு ஆனால் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஊக்கத்தொகை கூடும்” என்றார். விற்பனைத் தொழிலின் உட்கணக்கு இது. அதுவரை எனக்குத் தெரியாது. எண்ணிக்கைதான் அவருக்கு வேண்டியது. எனக்கு வேண்டாத பூச்சையும் வாசனைக் குப்பியையும் விற்றால்தான் அவர் பிழைக்க முடியும் என்பதில்லை. திருச்சிப் பயணத்தைக் கைவிட்டேன். இரசீது டிசம்பர் 30ஆம் நாளிட்டது.

கொடுத்த தொகை, வெளியில் எடுத்த காப்பீட்டையும் சேர்த்து, 7,05,160. முதல் தாளுக்கும் இதற்கும் இடையே 65,600 ரூபாய். மாணவர்கள் இக்கணக்கைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். இதில் வாதிட்டுப் பெற்றது தள்ளுபடியில் கூடிய 10,000 மட்டுமே. மீதி 55,600 தாளைப் படித்ததால் வந்தது. அதிலும் உத்தரவாதத்திற்கான 14,200 முழுச் சேமிப்பன்று, ஒத்திவைப்புதான். முதல் உத்தரவாதம் முடிவதற்குள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ள இடமுண்டு. விலை 10 இலட்சத்திற்கு மேற்பட்ட காராயின் 1 விழுக்காடு வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அந்த வரி எங்கள் தாளுக்கு வரவில்லை.

உம்மா முதல் நாள் பின்னிருக்கையில் அமர்ந்து, இருக்கை உயரம் சரி என்றார், விலையைக் கேட்கவில்லை. கால் விரிப்பை அந்த மாணவரிடமே வாங்கினேன். அவர் சொன்ன 2,800 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். கடைத்தெருவில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்குமே என்றார் துணைவியார். கிடைக்கும்தான்.