குறுக்கு வலி

மூன்றாண்டுகளுக்கு முன் தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, செருப்பின் வாரை மாட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பின் குறுக்கே கம்பியைக் காய்ச்சி இழுத்தாற்போல ஒரு வலி. அது இடது தொடையின் பின்புறமாக இறங்கிக் கணுக்கால் வரை சென்றது. காட்டுப்பள்ளியிலிருந்து மீஞ்சூர் சென்று மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். முதல் பாடவேளை எனக்குத்தான். சுவரைப் பிடித்து நிமிர்ந்து, பேருந்துக்கு நடந்தேன். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் பள்ளமாக்கிய சாலையில் பேருந்து குலுங்கிய ஒவ்வொரு முறையும் என் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே அறிந்தேன்.

படமெடுத்துப் பார்த்த மருத்துவர், நான்காவது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகச் சொன்னார். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றார். கல்லூரியில் தமிழ் கற்பிப்பதாகச் சொன்னேன். "கனமான வேலை இல்லையே" என்று எழுதிக்கொண்டார். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் நிற்பதும், மூன்று மணி நேரம் பயணிப்பதும், இரவில் குனிந்து விடைத்தாள் திருத்துவதும் கனமான வேலைகள் ஆகா என்றே நானும் எண்ணியிருந்தேன்.

நான் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவன். வகுப்பெடுக்காத நாளுக்கு ஊதியம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பணி புதுப்பிக்கப்பட வேண்டும். நிற்க முடியாத ஆசிரியர் என்ற பெயர் பரவினால் அந்த ஜூன் என்னவாகும் என்ற அச்சமே வலியினும் பெரிதாயிருந்தது. ஆகவே மறைத்தேன். மேசையின் விளிம்பில் சாய்ந்தபடி சங்கப் பாடல் நடத்தினேன். கைநழுவி விழுந்த சுண்ணக்கட்டியை எடுக்காமல் புதியதொன்றை எடுத்துக்கொண்டேன். சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டி, அது தெரியாதிருக்கத் தளர்வான சட்டைகள் வாங்கினேன்.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மட்டும் கண்டுகொண்டாள். வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, "சார், நாளையிலேர்ந்து போர்டுல நான் எழுதட்டுமா?" என்றாள். ஏனென்று கேட்டேன். "எங்கப்பா டிரெய்லர் ஓட்டுறாரு சார். வண்டியிலேர்ந்து எறங்குறப்போ இப்படித்தான் கதவைப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு" என்றாள். ஓடும் வண்டியின் அதிர்வு இருக்கை வழியே ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் ஏறுவது முதுகுவலிக்கான காரணங்களில் ஒன்று என மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவளோ அதை வீட்டு வாசலிலேயே கற்றிருந்தாள்.

அன்றிரவு என் தந்தையிடம் சொல்லவேண்டியதாயிற்று. எங்கள் பகுதி வழக்கப்படி அவரை நைனா என்றே அழைப்போம். இளமையில் அத்திப்பட்டு உப்பளங்களில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். மூட்டை 75 கிலோ இருக்கும் என்பார். 1994இல் உற்பத்தியைத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் கட்டுமானத்திலும் சிமெண்டு மூட்டை சுமந்தார். அது 50 கிலோதான் என்பதால் அந்தக் காலத்தைச் சுகமான காலமாகவே நினைவுகூர்வார். மாலையில் வந்ததும் தரையில் குப்புறப் படுத்து, "முதுகுல ஏறி மிதிடா" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் நடப்பது எனக்கு விளையாட்டு. அவர் ஏன் கண்களை மூடிக்கொண்டார் என்பதை அப்போது நான் கேட்டதில்லை.

"என்னாடா, உனக்குமா?" என்றார் நைனா. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் முதுகுல மூட்ட ஏறக் கூடாதுன்னுதானே படிக்க வெச்சேன்" என்றார். தோற்றுப்போனவரின் குரலாக இருந்தது அது. நான் மறுமொழி ஏதும் சொல்லவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களிலேயே உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நிற்பதைவிட அமர்வதும், அமர்ந்து முன்னே குனிவதும் வட்டை அதிகம் அழுத்துவதாக அவர் கண்டார். 1999இல் ஜெர்மனியின் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரிடம் மீண்டும் அளந்தபோது, தளர்வாகச் சாய்ந்து அமர்ந்தால் அழுத்தம் நிற்பதைவிடக் கூடுதலாவதில்லை என்று தெரியவந்தது. ஆனால் முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது, நிற்கும் நிலையில் இருந்ததைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. நைனாவின் 75 கிலோவை எண்ணிப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

வலியென்றால் படுத்துக்கிட என்பதே முன்பெல்லாம் மருத்துவம். 1986இல் அமெரிக்காவில் டேயோ முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஏழு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இரண்டே நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் குறைவான நாட்களே வேலைக்குப் போகாதிருந்தனர். குணமடைவதில் வேறுபாடு தென்படவில்லை. இயன்றவரை இயங்கிக்கொண்டிரு என்பதே இன்றைய பொதுவான அறிவுரை. நானும் அவ்வாறே பழகினேன். பத்து விடைத்தாள் திருத்தியதும் எழுந்து தெருமுனை வரை நடப்பேன். இரும்பு அலமாரியின் மேல் பலகையிட்டு நின்றபடி திருத்துவேன். ரயிலில் இடம் கிடைத்தாலும் எண்ணூர் வரை அமர்ந்து, அங்கிருந்து நின்றுகொள்வேன். வலி நீங்கவில்லை, ஆயினும் அதனோடு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது.

ஆனால் ஒரு நாள் மாலை முகத்துவாரத்தை அடுத்த கழியோரமாக நடக்கையில் அந்த அறிவுரை எனக்கே உறுத்தியது. இருளர் பெண்கள் சிலர் நீருக்குள் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைத் துழாவிக் கைகளால் இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பற்களில் கடித்திருந்தனர். அவர்களும் வலியோடு இயங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு மருந்தாகச் சொல்லப்பட்டது அவர்களுக்கு வேறு வழியில்லாமையாக இருக்கிறது. இயங்கு என்னும் சொல்லோடு, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தால்தான் அது மருத்துவம்.

அந்த உரிமை சட்டத்துக்குப் புதிதன்று. நின்றே வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கையில் அமர்வதற்கு வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்க விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. நைனா 75 கிலோ சுமந்தது இவ்விரண்டுக்கும் பின்னர்தான். கடை ஊழியர்கள் அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. அமர்வதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே நம் வேலையிடங்களைப் பற்றிப் போதிய அளவு சொல்லிவிடுகிறது.

சட்டங்களுக்கு முன்பே நம்மவர்கள் வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமைக்கு ஈடாக நடப்படுவது. சுமந்து வருபவன் யார் கையையும் எதிர்பாராமல் சுமையை அதன்மேல் சரித்து இளைப்பாறலாம், பிறகு குனியாமலே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வகுப்பில் இதைப் பலமுறை பண்பாட்டுச் செய்தியாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கல்லின் உயரத்தை ஏன் அப்படி வைத்தார்கள் என்பது குனிய முடியாமற்போன பின்னரே விளங்கிற்று.

மறுவாரம் துறைத்தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். நான் பேசப் பேச அவர் முகம் இறுகியது. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். ஜூன் மாதம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், இயற்பியல் ஆய்வகத்திலிருந்து உயரமான முக்காலி ஒன்றை என் வகுப்புக்கு அனுப்பச் செய்தார். அதே வாரம் எனது மாலைநேர வகுப்புகள் வேறொருவருக்கு மாற்றப்பட்டன. ஓய்வுக்காக என்று சொல்லப்பட்டது. ஓய்வும் கிடைத்தது, மாத வருமானமும் குறைந்தது. அந்த ஜூனில் பணி புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவற்றிலும். அடுத்ததைப் பற்றி நான் இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன்.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. 2050இல் அது 84.3 கோடியாகும் என்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் தளர்வான சட்டை அணிந்து திரிகிறார்களோ!

இப்போது வகுப்பில் பாதி நேரம் முக்காலியில் அமர்ந்தே பாடம் நடத்துகிறேன். அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். கரும்பலகையில் எழுத வேறொருவன் முன்வந்திருக்கிறான். இரவில் நைனாவும் நானும் திண்ணையில் அருகருகே அமர்ந்திருப்போம். தைலப் புட்டியை முதலில் அவர் என்னிடம் நீட்டுவார். அவருக்குத் தேய்த்துவிட்ட பின்பே நான் தேய்த்துக்கொள்வேன். "இன்னும் எத்தினி பேப்பர் இருக்குது?" என்று கேட்பார். ஒரு காலத்தில் அம்மா அவரிடம், "இன்னிக்கு எத்தினி மூட்ட?" என்று கேட்ட அதே குரலில்.