யாருக்குப் பீடம்?

வெளியிலிருந்து வரும் நல்லதை ஏற்கலாமா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக ஏற்கலாம். ஏற்ற பிறகு அதற்கென எழுப்பும் பீடத்தில் நம்மவர் யாரை அமர்த்துகிறோம் என்பதில்தான் நம் தரம் தெரியும். வியட்நாமைப் பாருங்கள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சிக்குக் கீழிருந்த நாடு அது. விடுதலை பெற்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், 1070-ல், மன்னர் லீ தான் தோங் இன்றைய ஹனோயில் கன்பூசியஸுக்குக் கோயில் எழுப்பினார். நம்மை அடக்கியாண்ட நாட்டின் ஞானியாயிற்றே என்று ஒதுக்கவில்லை. 1076-ல் அங்கேயே அரச கல்விக்கூடமும் வந்தது.

அந்தக் கல்விக்கூடத்தில் பதினான்காம் நூற்றாண்டில் கற்பித்தவர் சூ வான் ஆன். பட்டத்து இளவரசருக்கே ஆசான். அரசவை சீரழிந்தபோது, ஊழல் செய்த ஏழு அதிகாரிகளுக்கு மரண தண்டனை விதிக்கும்படி மன்னரிடம் மனுக் கொடுத்தார். மன்னர் செவிசாய்க்கவில்லை. சூ வான் ஆன் பதவியைத் துறந்து மலையடிவாரம் சென்று, அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1370-ல் மறைந்தார். அவருக்கு கன்பூசியஸ் கோயிலிலேயே இடம் தந்து வழிபடச் செய்தது அரசு.

மன்னருக்கு இதமாகப் பேசிய அறிஞர்களுக்கு அங்கே பஞ்சம் இருந்திருக்காது. ஆனாலும் அரசனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியேறியவரையே பெருமைப்படுத்தினார்கள். தவறு செய்யும் அரசனை இடித்துரைப்பது அறிஞன் கடமை என்பது கன்பூசியஸின் போதனை. அதைத் தங்கள் மண்ணில் வாழ்ந்துகாட்டியவருக்கு மரியாதை செய்தபோது, வந்த வழிபாடு சொந்த வழிபாடாயிற்று.

பிறகு 1484 முதல், அந்தக் கோயிலில், உயர் தேர்வில் வென்றவர்களின் பெயரையும் ஊரையும் பொறித்த கற்பலகைகளைக் கல் ஆமைகளின் முதுகில் நிறுத்தினார்கள். 82 பலகைகள் இன்றும் நிற்கின்றன. தேர்வுக்குப் போகும் மாணவர்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். ஆமைத் தலைகளைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததால் வேலி போட வேண்டியதாயிற்று. வெற்றியை வேண்டி வரும் பிள்ளைகள், பதவியை உதறிய ஆசிரியரின் சிலையையும் அதே வளாகத்தில் காண்கிறார்கள். எனக்கு இதுவே பெரிய பாடமாகப் படுகிறது.

நாம் சொல்லும் அறிவுரையைவிட, யாருக்கு மாலை போடுகிறோம் என்பதைத்தான் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். நாளை உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பொறுப்பு கிடைத்தால், நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பலகையோடு, தவறான காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்த ஆசிரியரின் பெயரையும் எழுதிவையுங்கள்.