ஒரு சொல்லின் குற்றம்

வடமொழிச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைப் பத்தாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். 'சமஷ்டி' என்று கரும்பலகையில் எழுதி, அதன் எதிரே 'இணைப்பாட்சி' என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், இதைக் கேட்பது நாட்டைப் பிரிக்கிற குற்றம் என்கிறார்களே, உண்மையா?”

தனியரசை எவ்வகையிலும் ஆதரியேன் என்று சத்தியம் செய்து அரச சேவையில் சேர்ந்தவன் நான். அந்தச் சத்தியத்தின் வரலாற்றைச் சொல்லாமல் அவனுக்கு விடை கூற இயலாது.

1976 மே மாதத்தில், அமிர்தலிங்கமும் வேறு சில தலைவர்களும் துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காகக் கைதாகி, யூரர் இன்றி மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டனர். அவசரகால விதிகளே செல்லா என்ற வாதத்தை மேல் நீதிமன்றம் ஏற்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தீர்த்தது. முடிவு எதுவாயினும், வாதத்துக்கு அங்கே இடமிருந்தது. 1977 தேர்தலில் அவர்களது கூட்டணி 18 ஆசனங்களை வென்றது.

1983 ஜூலையின் புகை அடங்குமுன், ஆகஸ்ட் 8 ஆம் திகதி, அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. தனியரசை ஆதரித்ததாகத் தீர்ப்பானால் ஏழாண்டு வரை குடியியல் உரிமை இழப்பு, சொத்துப் பறிமுதல். சத்தியம் செய்யாத கூட்டணி உறுப்பினர்கள், எந்த நீதிமன்றமும் குற்றவாளிகள் என்று தீர்க்காமலே, ஆசனங்களை இழந்தனர். வாக்குச்சீட்டு ஊமையான இடத்தில் துப்பாக்கி மேலும் உரத்துப் பேசிற்று. அதன் விலையை இக்கரை முஸ்லிம்களும் கொடுத்தோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டதை எப்படி மறப்போம்? தனிநாட்டுக் கோரிக்கை எனக்கு உவப்பானதன்று. ஆயினும், வாயை அடைத்த சட்டம் ஓர் உயிரையேனும் காத்ததாக நான் அறியேன்.

அதே திருத்தத்தின் கீழ், 2014 இல் தமிழரசுக் கட்சிக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மனு வந்தது. கட்சி தன் யாப்பில் 'சமஷ்டி' என்பதை 'இணைப்பாட்சி' என்று மாற்றியதும் வழக்கில் ஆராயப்பட்டது. தமிழாசிரியனின் கரும்பலகைப் பாடம் நீதிமன்றம் ஏறிவிட்டது! 2017 ஆகஸ்ட் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது: ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது.

நல்ல தீர்ப்பே. ஆனால் திருத்தம் அப்படியே இருக்கிறது. எல்லைக்கோடு எங்கே என்றுதான் நீதிமன்றம் கூறிற்று. அமைதியாகப் பேசிய பேச்சுக்குத் தண்டனை ஏன் என்ற கேள்வி நிற்கிறது.

இவ்வளவையும் கூறிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாதிருந்தால் அது நேர்மையன்று. நம்மவர் தென்கிழக்கு அலகு கேட்டபோது, அதைப் பிரிவினை என்றோர் உண்டு, நாம் கொதித்தோம். 2019 இல் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழ் அயலவர் உண்ணாவிரதம் இருந்தபோதோ, தேநீர்க் கடையில் அமர்ந்து நானும் சொன்னேன்: “இது பிரிவினை.” அவர்களது கோரிக்கையை மறுக்க எனக்கு நியாயங்கள் இருந்தன. அவற்றைச் சொல்லும் சிரமத்தை அந்த ஒரு சொல் மிச்சப்படுத்திற்று. கொழும்பில் சட்டம் செய்ததை நான் கடையில் செய்தேன்.

மாணவனிடம் சொன்னேன்: “குற்றமில்லை, மகன். நாட்டின் உயர் நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. கேட்பவனோடு நீ வாதாடு. ஆனால் அவன் கேட்டு முடிக்கும்வரை காத்திரு.”

கரும்பலகையிலிருந்த இரண்டு சொற்களையும் அன்று நான் அழிக்கவில்லை.