பாண்டிச்சேரிக்குப் போறீங்களா? ரூம் பார்த்து எடுங்க!

பாண்டிச்சேரியில் தங்குவதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்தத் தெருவில் லாட்ஜ், அடுத்த தெருவில் கெஸ்ட் ஹவுஸ், அதற்கடுத்த தெருவில் பழைய பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்று ஹோட்டலாக மாறி நிற்கும். ஆனால் முழங்கால் ஆபரேஷன் ஆன மாமியார், பத்தாவது படிக்கும் பெண், ஓரிடத்தில் நிற்காத நாலு வயசுப் பையன், இந்த மூன்று பேரையும் கூட்டிக் கொண்டு போய் மூன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்க எது சரியான இடம் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நிறைய இருக்கு, போங்க!" என்பதோடு சரி.

எங்கள் அத்தைக்கு டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நடக்கணும்மா. தினமும் சமதரையில் நடந்தால்தான் கால் பழகும்." அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு, "நடக்கறதுதான் நடக்கறேன், கடற்கரையிலே நடக்கறேனே" என்றார். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 150 கிலோ மீட்டர். மூன்று மணி, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆகவே ஊர் முடிவாகிவிட்டது. ரூம்தான் பாக்கி.

முதலில் பாண்டியின் கடற்கரையைப் பற்றித் தெரிந்து கொள்ளுங்கள். ரூம் எடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. மெரீனா மாதிரி அகலமான மணல்வெளியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கடற்கரைச் சாலையை ஒட்டிப் பெரும்பகுதி கருங்கல் பாறைதான், கொட்டி வைத்தது. ஒரு காலத்தில் இங்கேயும் நல்ல மணல் இருந்தது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பாலான மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து கொண்டே இருக்கும். 1980களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். வருகிற மணல் அங்கேயே தங்கிவிட, வடக்கே இருந்ததைக் கடல் கொண்டு போய்விட்டது. மிச்சக் கரையைக் காப்பாற்றத்தான் இந்தப் பாறைகள். 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பிறகு, அந்தப் பக்கம் மட்டும் மணல் மறுபடியும் சேர்ந்திருக்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நடப்பதற்குப் பாண்டியைப் போல் ஊர் கிடையாது. சாலை சமதளம், காற்று தாராளம், உட்காரத் திண்ணை மாதிரி நீளக் கைப்பிடிச் சுவர். ஆனால் "பையன் மணலில் விளையாடட்டும், அலையில் கால் நனைக்கட்டும்" என்று நினைப்பவர்கள் அந்த மணல் பகுதியில்கூடக் கையைப் பிடித்துக் கொண்டேதான் நிற்க வேண்டும். அலை இழுக்கும். பாறை மேல் ஏறி போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். பாசி வழுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்கிறார்களா?

மணல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஊருக்கு வெளியே ரிஸார்ட்டுகள் இருக்கின்றன. வடக்கே காலாப்பட்டு பக்கம், தெற்கே கடலூர் சாலைப் பக்கம். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சொந்த வண்டி இல்லாமல் போனால் ஒரு காப்பிப் பொடி வாங்கக்கூட ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். மணக்குள விநாயகரைச் சேவிக்க அத்தை தினமும் கிளம்புவார் என்பதால் ரிஸார்ட் எங்களுக்கு ஒத்து வரவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் மனசுக்குள் நினைத்துக் கொண்டு, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம். பாண்டி என்றால் பாதிப் பேருக்கு வேறு ஞாபகம் அல்லவா வருகிறது! அதற்கென்றே வருகிற கூட்டம் உண்டு. சில வருடங்களுக்கு முன் இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், "ஏ கிளாஸ் ஹோட்டல் சார், நானே போட்டுத் தரேன்" என்று ஓர் இடத்தில் ரூம் போட்டுக் கொடுத்தார். பெயர் வேண்டாம். ரூம் சுத்தம், படுக்கை சுத்தம், ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் மாடியில் பார். மூன்றாவது மாடியில் நாங்கள். இரண்டுக்கும் லிஃப்ட் ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்குப் பால் வாங்கிக் கொண்டு நானும் என் பெண்ணும் ஏறினோம். முதல் மாடியில் கதவு திறந்தது. நாலு பேர் உள்ளே நுழைந்தார்கள். யாரும் எதுவும் தப்பாகப் பேசவில்லை. சிரித்துக் கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது மாடி வருவதற்குள் என் பெண் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவள் ரூமை விட்டு வெளியே வர மாட்டேன் என்றுவிட்டாள். கடலைப் பார்க்க வந்த குழந்தை, டி.வி. பார்த்துவிட்டு ஊர் திரும்பியது!

ஆகவே இந்தத் தடவை போனில் நான் கேட்ட முதல் கேள்வியே, "உங்க ஹோட்டல்ல பார் இருக்கா? இருந்தா எந்த மாடி? அதுக்கு வழி தனியா, எங்க வழியேதானா?" என்பதுதான். "ஃபேமிலி ஹோட்டல்தாம்மா" என்று மொத்தமாகப் பதில் சொல்லுவார்கள். விடாதீர்கள். மாடியைக் கேளுங்கள், லிஃப்டைக் கேளுங்கள். ஓர் இடத்தில் மட்டும் ஒரு பெரியவர், "பார் இல்லைம்மா. ஆனா எதிர்ல ஒயின் ஷாப் இருக்கு, ராத்திரி சத்தம் இருக்கும். நீங்க குழந்தைங்களோட வரீங்க, சொல்லிடறேன்" என்றார். அவர் நல்லா இருக்கட்டும்! ரூம் எடுக்கவில்லை, ஆனால் நன்றி சொல்லித்தான் போனை வைத்தேன்.

குடியும் புகையும் அறவே கூடாது என்று நினைப்பவர்களுக்கு அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. கடலோரமாகவே உண்டு. ஆடம்பரம் இராது, கட்டுப்பாடு இருக்கும். இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், சீக்கிரம் நிரம்பிவிடும். எங்களுக்கும் ஆசைதான், நாங்கள் கேட்ட தேதியில் இடமில்லை. ஆசிரமத்தைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. யாராவது ஒருவர் வெளியே குழந்தையோடு இருக்கும்படி ஏற்பாடு செய்து கொள்ளுங்கள்.

அடுத்தது மாடிப்படி. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் தெருக்களில் இருக்கும் பழைய மாளிகை ஹோட்டல்களைப் பார்த்தால் மயங்கிப் போவீர்கள். மஞ்சள் சுவர், காகிதப் பூக் கொடி, வளைவு வளைவாகத் தாழ்வாரம்... சினிமாவில் வருகிற மாதிரியே இருக்கும். ஆனால் பழைய வீட்டை இடிக்காமல் பாதுகாக்கிறார்கள் என்பதால் பல இடங்களில் லிஃப்ட் வைக்க முடிவதில்லை. படி உயரம், சில இடங்களில் மரப்படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். "கிரவுண்ட் ஃப்ளோர் ரூம் உண்டா?" என்று கேட்டு, "உண்டு" என்று சொன்னாலும், "வாசலிலிருந்து ரூம் வரைக்கும் எத்தனை படி?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். ஓர் இடத்தில் கீழ்த்தள ரூமுக்கே ஏழு படி ஏற வேண்டியிருந்தது!

பால்கனி இருந்தால் கம்பிகளுக்கு நடுவே பையன் தலை நுழையுமா என்று பார்ப்பது என் வழக்கம். இவர் சிரிப்பார். சிரிக்கட்டும். பாத்ரூம் தரை வழவழப்பான டைல்ஸா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பிடித்துக் கொண்டு எழுந்திருக்கக் கம்பி இருக்கிறதா, கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுகிற உயரமா... இவற்றையெல்லாம் படத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ள முடியாது. படத்தில் எப்போதும் கட்டில்தான் பெரிதாகத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைக்குமா என்று கேட்டு வைத்தேன். அத்தை உட்கார்ந்து குளிக்க அது ஒன்று போதுமே.

"கடல் தெரியும் ரூம்" என்று சொல்லிக் கூடுதலாக வாங்குவார்கள். கடற்கரைச் சாலையிலேயே இருந்தால் சரி. இரண்டு தெரு தள்ளி என்றால், நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்தால்தான் கடல்! பழைய நகரம் சின்னது. வாய்க்காலிலிருந்து கடற்கரை சில நிமிஷ நடைதான். தெரியாத கடலுக்கு எதற்குக் காசு? இன்னொன்று: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. நடப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அந்தச் சாலையிலேயே ரூம் எடுத்து, இருட்டின பிறகு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால், முனையிலிருந்து தூக்கிக் கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி எங்கே என்றும் பார்த்து வைத்தேன். அபசகுனமாகப் பேசுவதாக அத்தை கோபித்துக் கொண்டார். பாரதி பூங்காவுக்குப் பக்கத்திலேயே அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர். குழந்தையோடு போகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

மழை மாதங்களில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரைக்கும், எனக்கு இஷ்டமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், இரண்டும் இந்தப் பக்கம்தான் கரை ஏறின. ஃபெஞ்சலின்போது தெருவெல்லாம் வெள்ளம். கீழ்த்தள ரூம் வேண்டும் என்பவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் உத்தமம்.

கடைசியில் எங்கே தங்கினோம்? வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வீதிகள் பக்கம், மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீடு. வாசலில் திண்ணை, உள்ளே முற்றம். மொத்தமே ஐந்து ரூம்தான். வீட்டுக்கார அம்மாளே கவனித்துக் கொள்கிறார். வாசலில் இரண்டே படி. "ராத்திரி பையனுக்குச் சூடா பால் கிடைக்குமா?" என்று கேட்டதற்கு, "பால் என்னங்க, ரசம் சாதம் வேணும்னாலும் கரைச்சுத் தரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். கொசு உண்டு. சர்ச் மணி அதிகாலையிலேயே எழுப்பிவிடும். குறையே இல்லாத ரூம் என்று ஒன்று இந்தப் பூலோகத்தில் கிடையாது. எந்தக் குறையை நம் வீட்டு மனிதர்கள் தாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. கொசுவைத் தாங்கலாம், லிஃப்டில் பயந்து நிற்பதைத் தாங்க முடியாது.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அத்தை காந்தி சிலை வரைக்கும் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். இரண்டாம் நாள் இரண்டு இடம். வண்டி வராத சாலை என்பதால் பையனை விட்டுப் பிடிக்க முடிந்தது. என் பெண் தனக்கும் பாட்டிக்கும் சுண்டல் வாங்கித் தானே காசு கொடுத்து மிச்சம் எண்ணி வாங்கி வந்தாள். மூன்றாம் நாள் அத்தை என் தோளைப் பிடிக்கவில்லை. பழைய கலங்கரை விளக்கம் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக் கொண்டு முன்னால் போனார்.

வாடகையைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. நாங்கள் போனது செவ்வாய் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து இறங்குவதால் விலை எகிறிவிடும். பள்ளிக்கூட லீவை வாரத்தின் நடுவில் அமைத்துக் கொள்ள முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். எல்லோருடைய அடையாள அட்டையும் அசலாகக் கையில் இருக்கட்டும். ரூமைக் காலி செய்வது 24 மணி நேரக் கணக்கா, பகல் கணக்கா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் பெட்டியைக் கட்டிக் கொண்டிருக்கும்போதே வாசலில் அடுத்த பார்ட்டியின் கார் வந்து நின்றது. அதே ரூம்தான். இன்று ராத்திரிக்கு என்ன வாடகை என்று இவர் சும்மா விசாரித்துவிட்டு வந்து என் காதில் மட்டும் சொன்னார். அத்தையிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.