அடுப்படியில் ஒரு நேர்காணல்

மியூனிக்,
நவம்பர்

அன்புத் தோழிக்கு,

வீடு கிடைத்துவிட்டது. வீடு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பன்னிரண்டு சதுர மீட்டரில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு கட்டில், போன குடித்தனக்காரி விட்டுப்போன ஒரு மேஜை. மற்றதெல்லாம் பொது. 'செட்டில் ஆகிட்டியா, சாப்பிட்டியா' என்று நீ அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். இருக்க இடமில்லாதபோது 'நல்லாயிருக்கேன்' என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கையும் அடுத்த அக்டோபரில் இந்தப் பக்கம் வரப்போகிறாள் என்றாயே, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

இங்கே குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. மாணவர்கள் பெட்டியோடு வந்து இறங்குவது செப்டம்பர் கடைசியில். சரியாக அந்த நேரத்தில்தான் ஊரே பீர்த் திருவிழாவில் மிதக்கிறது. பெயர் அக்டோபர்ஃபெஸ்ட், நடப்பதில் பெரும்பகுதி செப்டம்பரில். எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் மேல் கட்டிலுக்கு அவர்கள் கேட்ட காசில், மாட்டுத்தாவணிப் பக்கம் லாட்ஜில் ஒரு வாரம் ஏசி போட்டுப் படுக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தோல் அரைக்கால் சட்டை போட்ட கனவான்கள் பாடிக்கொண்டே வந்து கீழ்க்கட்டிலில் விழுவார்கள். மறுநாள் காலையில் பல்கலைக்கழகத்தின் கார்ச்சிங் வளாகத்தில் எனக்கு அறிமுக வகுப்பு.

'ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ' என்று நம் தெருவில் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் இதையும் சொல். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் உண்டு. முதுநிலைப் படிப்பென்றால் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. அது போக, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வருஷத்துக்கு 11,904 யூரோவை ஒரு கணக்கில் முன்கூட்டியே முடக்கிவைத்தால்தான் விசா. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். இந்த ஊரில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்குச் சராசரி வாடகையோ 800ஐ ஒட்டி நிற்கிறது. மிச்சத்தில் மருத்துவக் காப்பீடு, ரயில் பாஸ், அரிசி, பருப்பு. பகுதிநேர வேலைக்கும் வருஷத்துக்கு 140 முழு நாள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

மாணவர் விடுதி இதில் பாதி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் பட்டியலில் பெயர் ஏறி, முறை வருவதற்குள் சில பருவங்கள் ஓடிவிடும். 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய இடத்தில் இன்று ஆயிரத்துச் சொச்சம் குட்டிக் குட்டி வீடுகள் மாணவர்களுக்காக நிற்கின்றன. முன்பக்கச் சுவரில் குடியிருப்பவர் தன் இஷ்டத்துக்குப் படம் வரைந்துகொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சந்துகளில் பொறாமையோடு சுற்றினேன். வடக்கே ஃப்ரைமானில் இதைவிடப் பெரிய மாணவர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. 2021இல் அங்கே தீப்பிடித்த பிறகு அடுக்குமாடிகளைக் காலி செய்தார்கள். பழுதுபார்க்கிறோம் என்று வருஷக்கணக்காகப் பூட்டியே வைத்துவிட்டார்கள். அறைக்கு இத்தனை பேர் அலையும் ஊரில் இருட்டாக நிற்கும் அந்த மாடிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆக மிஞ்சியது 'வே-கே'. மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கோர் அறை வைத்துக்கொண்டு, அடுப்படியையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்வது. இதற்கு விளம்பரம் பார்த்து எழுத வேண்டும். எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். உடனே பதில் போட்டவர் ஒரே ஒருவர். அருமையான ஆங்கிலம், பளிங்குத் தரை, வாடகை 350. தான் லண்டனில் இருப்பதாகவும், முன்பணத்தையும் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். படத்தில் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. மியூனிக்கில் கடல் ஏது? இந்த மாதிரி ஆட்களிடம் காசைக் கொடுத்துவிட்டு, இல்லாத வீட்டைத் தேடித் தெருவில் நின்ற பிள்ளைகளை நானே பார்த்தேன்.

மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. 'இல்லை' என்றுகூட வரவில்லை. அப்போதுதான் ஒரு சீனியர் அக்கா அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2017இல் பவேரிய வானொலியும் 'ஷ்பீகல்' இதழும் சேர்ந்து, ஒரே மாதிரிக் கடிதத்தை ஜெர்மானியப் பெயரிலும் வெளிநாட்டுப் பெயரிலும் பத்து நகரங்களில் வீட்டு விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்களாம். ஏறக்குறைய 20,000 கடிதங்கள். அரபு, துருக்கிப் பெயர்களுக்கு வீடு பார்க்க வரச்சொன்ன அழைப்புகள் கணிசமாகக் குறைந்தன. மிக மோசமான ஊர் எது என்று கேட்காதே. நான் இருக்கும் ஊர்தான். படித்த அன்று, என் பெயரில் இருக்கும் ஒற்றெழுத்துகளை எல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கீசிங்கிலிருந்து ஒரு பதில் வந்தது. ஊரின் தென்கிழக்கில் பழைய தொழிலாளர் பகுதி. வாடகை, ஹீட்டர் தண்ணீரெல்லாம் சேர்த்து 590. 'வியாழன் மாலை ஐந்து மணிக்கு வா, பேசலாம்.' போனேன். இங்கே குடியிருப்புக்குள் கதவு எண் வழக்கம் கிடையாது. அழைப்புமணிப் பலகையில் பெயர்தான் எல்லாம். தபால்காரரும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். ஒரே சீட்டில் நாலு பெயரை நெருக்கி எழுதி ஒட்டியிருந்தார்கள். நாலு மாடி, லிஃப்ட் இல்லை. மேலே மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்து முதலில் சொன்னது, "செருப்பைக் கழற்றிடு." அந்த ஒரு சொல்லில் பாதி தெம்பு வந்துவிட்டது.

அடுப்படி மேஜையைச் சுற்றி மூன்று பேர். செவிலியர் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண், இயற்பியல் படிக்கும் ஒரு பையன், பேக்கரியில் தொழில் பழகும் இன்னொரு பையன். ஓனர் அங்கே இல்லை. ஆளைப் பொறுக்குவது கூடக் குடியிருப்பவர்கள் பாடு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அட்டையில் வெட்டிய இரண்டு வட்டங்கள், நடுவில் ஒரு குண்டூசி. வெளிவட்டத்தில் அடுப்படி, கழிவறை, நடைபாதை, 'ஓய்வு' என்று எழுதியிருந்தது. உள்வட்டத்தில் நாலு பெயர்கள். வாரா வாரம் கால் சுற்றுத் திருப்பினால் யாருக்கு எந்த வேலை என்று தெரிந்துவிடும். காலிசெய்து போகிறவளின் பெயர் பென்சிலில் இருந்தது. மற்றவர்கள் பெயரும் பென்சிலில்தான்.

கேள்விகள் ஆரம்பித்தன. காலையில் எத்தனை மணிக்குக் குளிப்பாய்? பாத்திரத்தை உடனே கழுவுவாயா, ஊறப்போடுவாயா? விருந்தாளி வந்தால் எத்தனை நாள் இருப்பார்கள்? வெள்ளிக்கிழமை சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம், இஷ்டமா? கோபம் வந்தால் என்ன செய்வாய்? "பேசமாட்டேன்" என்றேன். "எத்தனை நாள்?" என்றாள் செவிலி. உனக்குத் தெரியும் பதில். இரண்டு என்று சொல்லிவைத்தேன்.

என்ன சமைப்பாய் என்றதும் எனக்கு உதறல். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, தாளிப்பதைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எண்ணெய் காயும், கடுகு வெடிக்கும், மிளகாய் வற்றல் கருகும், தும்மல் வரும், நடைபாதையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறலாம். இயற்பியல்காரன் ரொம்ப அக்கறையாக, கடுகு எத்தனை டிகிரியில் வெடிக்கும் என்று கேட்டான். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்றாள் செவிலி. என் மதத்தையோ, அப்பாவின் வேலையையோ, நான் மாமிசம் சாப்பிடுவேனா என்பதையோ யாரும் கேட்கவில்லை.

பிறகு 'நீ எங்களைக் கேள்' என்றார்கள். என் அறைக்குத் தனிச் சாவி உண்டா, குளியலறைத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, ஒப்பந்தத்தில் என் பெயர் வருமா என்று கேட்டேன். சிரிக்காமல், ஒவ்வொன்றையும் எழுந்து போய்க் காட்டினார்கள். கூட இரண்டு பையன்கள் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே காட்டியதையெல்லாம் பார்த்தேன். சரியாக ஆறு மணிக்கு போன் அடித்தது; அம்மா. நம் ஊரில் ஒன்பதரை, சாப்பாடு முடிந்து அவர் என்னைக் கூப்பிடும் நேரம். அம்மாவின் குரல் உனக்குத் தெரியும், போனே தேவையில்லை. எடுத்து, பிறகு பேசுகிறேன் என்று வைப்பதற்குள் மூன்று பேருக்கும் எங்கள் வீட்டுச் சேதி ஒலிவடிவில் போய்ச் சேர்ந்துவிட்டது. பேக்கரிப் பையன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. உன்னை ஏற்க முடியவில்லை. உன் சமையல் காரணம் இல்லை. அதைச் சாப்பிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறைக்கும் எங்கள் பேக்கரிப் பையனின் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவன் மாலை ஆறு மணிக்குப் படுத்தாக வேண்டும். அதே நேரத்தில்தான் உன் அம்மா கூப்பிடுகிறார். அம்மாவை நேரம் மாற்றிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. மோசாக்கில் எங்கள் தோழியின் வீட்டில் ஓர் அறை காலியாகிறது, உன் எண்ணைக் கொடுக்கலாமா?

இப்படி ஒரு மறுப்பை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை. கோ. புதூரில் நாம் இரண்டு பேரும் ரூம் தேடி அலைந்தோமே, மோர் கொடுத்து உபசரித்த அந்த அம்மா, பேச்சுவாக்கில் 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் 'மக வர்றா, வீடு வேணும்' என்றாரே. நம் ஊரில் கேட்டுவிட்டு அனுப்புகிறார்கள். இங்கே கேட்காமலே பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்கள். இரண்டிலும் நாம் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு மதிப்பில்லை. அந்த அடுப்படியிலும் என்னை எடைபோட்டார்கள்தான். ஆனால் எதை வைத்து? எப்போது தூங்குவேன், எப்படிக் கழுவுவேன், எவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்பதை வைத்து. கூட வாழப்போகிறவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கப்போகிறவன் கேட்பதும், வாடகை வாங்கிக்கொண்டு வேறு தெருவில் இருக்கப்போகிறவர் கேட்பதும் ஒன்றாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ரொம்பவும் புகழ்கிறேன் என்று நினைக்காதே. அந்த மேஜை வரைக்கும் போக முதலில் ஒரு பதில் வர வேண்டும். அந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்களை வடிகட்டிவிடுகிறார்கள்.

மோசாக் வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள். அம்மாவுக்கு நான் தயார்செய்துவைத்த உரை வீணாகப் போயிற்று. வாடகை 620. அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம் என்று இங்கே சட்டம். நம் ஊரிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த உன் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதே, தூங்கமாட்டான். இந்த வீட்டில் எனக்கிருக்கும் ஒரே மனத்தாங்கல் குப்பை. காகிதத்துக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்று கீழே மூன்று தொட்டிகள். பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் தெருமுனைத் தொட்டிக்கு நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் போட்டால் சத்தம் கேட்கிறது என்று அதட்டுவார்கள். போன வாரம் ஒரு பாட்டி அதட்டினார்.

உன் தங்கைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போடட்டும். நேரில் பார்க்காத அறைக்கு ஒரு பைசாவும் அனுப்பக் கூடாது. அவளால் பார்க்க முடியாவிட்டால் நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அது இல்லாமல் வரி எண், தங்கும் அனுமதி எல்லாமே இழுபறிதான். 'பதிவு கிடையாது' என்று சொல்லும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அடுப்படியில் உட்காரவைத்துக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல், தாளிப்பது உட்பட. வரும்போது கட்டிப் பெருங்காயம் இரண்டு டப்பா கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பது தூள், அதில் பாதி மாவு.

அன்புடன்,
உன் தோழி