எங்கட பட்டியலில் இல்லாத அம்மா

வெள்ளம் வடிஞ்ச கிழமை, உலர் உணவுப் பொதி குடுக்கிறதுக்கெண்டு எங்களிட்ட ஒரு பட்டியல் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததுகளை யாரோ அப்படியே எக்செல்லில் ஒட்டியிருந்தார்கள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள், நடுவில் கமா மட்டும். இருநூறுக்குக் கொஞ்சம் மேலே வரிகள். நாங்கள் கலைப்பீடத்தில் மூன்று பேர். எக்செல் தெரிந்தது ஒருத்திக்குத்தான், அதுவும் ஏ/எல் முடிச்சு வீட்டில் நிண்ட காலத்துக் கோர்ஸ்.

'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' எண்டு ஒன்று இருக்கு, கமாவைக் காட்டினால் அதுவே பிரிக்கும் எண்டாள். பிரிச்சது. ஆனால் விலாசத்துக்குள்ளும் கமா போட்டவர்களின் வரிகள் தள்ளிப்போய், போன் நம்பர் வரவேண்டிய இடத்தில் ஊர் வந்து நின்றது. 3/5 எண்ட வீட்டு இலக்கம் திகதியாகிவிட்டது. 07இல் தொடங்கும் நம்பர்களின் முன் பூச்சியத்தைக் காணவில்லை. 12 இலக்க அடையாள அட்டை எண்களுக்கு நடுவில் ஆங்கில 'ஈ' வந்து உண்மையான ஈ மாதிரிக் குந்தியிருந்தது. பிரிக்கும்போதே ஒவ்வொரு கொலத்தையும் 'டெக்ஸ்ட்' எண்டு தெரிவு செய்திருந்தால் இலக்கங்கள் அப்படியே இருந்திருக்கும். திரும்ப முதலில் இருந்து தொடங்கினோம். விலாசக் கமாக்களைக் கையால்தான் திருத்தினோம்.

பெரிய பிழை அதுக்குப் பிறகுதான். ஒரே ஆள் இரண்டு தரம் பதிந்திருக்கலாம் எண்டு பெயரையும் ஊரையும் மட்டும் வைத்து 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அமத்தினோம். ஐந்து வரி போனது. சந்தோஷமாகத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

பொதி குடுத்த அன்று ஒரு அம்மா உரப்பையோடு கடைசிவரை வெயிலில் நின்றா. அவவின் பெயருக்கு நேரே வேறொருவர் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே 'சி.' ஒன்று சிவலிங்கத்தின் மகள், மற்றது சின்னத்தம்பியின் மனைவி. எங்கட ஆக்களின் முன்னெழுத்து சிலருக்குத் தகப்பனுடையது, கலியாணம் கட்டினபிறகு சிலருக்குப் புருஷனுடையது. இது எக்செல்லுக்குத் தெரியாது, சரி. எங்களுக்குத் தெரியும்தானே? தகப்பன் பெயரில் ஒருக்கா, புருஷன் பெயரில் ஒருக்கா எண்டு உண்மையாகவே இரண்டு தரம் பதிந்த ஒருவர் பட்டியலில் அப்படியே இருந்தார்.

"என்ரை பேரை ஏன் பிள்ளையள் வெட்டினனீங்கள்?" எண்டு அந்த அம்மா கேட்டா.

"தவறிப்போச்சு அம்மா" எண்டோம். மிச்சமிருந்த பொதியைக் குடுத்தோம். வாங்கிக்கொண்டா, பிறகு ஒன்றும் கதைக்கேல்லை.

அன்றிரவு அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் திரும்பப் பார்த்தோம். அதிலும் சிலர் எழுத்தில் முடியும் பழைய இலக்கம், சிலர் 2016இல் வந்த 12 இலக்கப் புதியது. பழையதுக்கு முன்னால் 19ஐயும் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தையும் சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்தால் புது வடிவம் வரும். அப்படி மாற்றித்தான் ஒப்பிட்டோம். வெட்டின ஐந்தில் மூன்று உண்மையான இரட்டிப்பு. ஒன்று அந்த அம்மா. மற்றது, பொதி வாங்கவே வராத ஒருவர். பெயர் இல்லை எண்டு அவருக்கு யாரோ முதலே சொல்லியிருக்கிறார்கள். அடுத்தநாள் அவருடைய வீடு தேடிப் போனோம். 3/5, நல்லகாலம், திகதியாக மாறாமல் மூலப் பட்டியலில் இருந்தது.