கரிக்கும் தண்ணீர்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் குறுக்கே, சென்னிமலைக்குத் தென்மேற்கில், 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணைக்குக் கீழே இருந்த எங்கள் மூன்று ஏக்கர் மஞ்சள் காட்டுக்கு இனிக் குறையில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் அங்கே தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு.

சில ஆண்டுகள் சென்றபின், கழிவைச் சுத்திகரித்தே ஆற்றில் விடுகிறார்கள் என்ற செய்தி வந்தது. நீரின் நிறமும் ஓரளவு வெளுத்திருந்தது. நான் அப்போது பள்ளியில் அறிவியல் ஆசிரியன். "இனிப் பாய்ச்சலாம்" என்று தந்தையாரிடம் கூறினேன். அவர் ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்தார். "கரிக்குது கண்ணு" என்றார். படித்தவன் சொல்லுக்கு அவர் நாக்கு தோற்றது.

துணியில் சாயம் பிடிக்க உப்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டுத் தெளியவைத்தால் நிறம் அடியில் படியும். கரைந்த உப்போ நீரோடு வந்துவிடும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்ற விதியைப் பின்னாளில்தான் அறிந்தேன். வகுப்பில் கரைசலைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான்!

மஞ்சள் இலைகள் ஓரம் கருகின. மழை பெய்தால் மண் குழம்பாகும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். களிமண்ணில் சோடியம் ஏறிவிட்டால் நீர் இறங்காது, வேருக்குக் காற்றும் கிட்டாது. மண்வெட்டி போட்ட இடத்தில் ஒரு மண்புழு இல்லை.

ஜிப்சம் இடுமாறு வேளாண் அலுவலர் ஒருவர் கூறினார். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்க்கும். ஆனால் பெயர்ந்ததைக் கழுவிப்போக்க நல்ல நீர் வேண்டுமே! எங்களிடம் இருந்தது அதே ஆற்று நீரும், கசிவால் கரித்துப்போன கிணறும்தான். மழையை நம்பி ஜிப்சம் தூவினோம்; தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். ஐந்தாம் ஆண்டில் சோளம் முளைத்தது. மஞ்சளை மறுபடி காணாமலே தந்தையார் மறைந்தார்.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கழிவை வெளியே விடாமல், நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை வலுப்பெற்றது. மீள முடியாத உப்புக் கசடு மூட்டை மூட்டையாகக் குவிகிறது என்கிறார்கள்; அதற்கும் ஓரிடம் வேண்டுமல்லவா?

இன்று வடக்கு மூலையில் அரை ஏக்கர் மட்டும் மஞ்சள் நிற்கிறது. மோட்டார் போட்டதும் முதல் நீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கோடையில் இன்னமும் இலேசாகக் கரிக்கிறது.